யார் கையில் மரக்கால்?

தாமிரபரணிப் பாசன ஊர்களில் அறுவடைக் கூலியை நெல்லாகவே அளந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. கொத்து என்பார்கள். மரக்காலைக் குவித்து அளக்கிறார்களா, தலை வழித்து அளக்கிறார்களா என்பதில் ஒரு வீட்டின் இரண்டு வேளைச் சோறு அடங்கியிருந்தது. வேலை கொடுத்துக் காப்பாற்றுகிறவரை இன்றைக்கும் ‘படியளக்கிறவர்’ என்றுதான் சொல்கிறோம். அளப்பதையும் கொடுப்பதையும் ஒரே சொல்லில் கட்டிவைத்த மொழி நம்முடையது. உயர்கல்வியில் தர அளவீடு எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது என்று தேடிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் முன்னால் வந்து நிற்கிறது. கல்லூரிகளை அளக்கும் கோல்களில் பெரும்பாலானவை படியளக்கிற கைகளிலிருந்து புறப்பட்டவை.

பாளையங்கோட்டை வட்டாரத்தில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் நான் பொருளியல் ஆசிரியராக வேலை பார்த்தேன். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வருவதற்கு முந்தைய ஆண்டு முழுக்க, வகுப்பு முடிந்ததும் ஐக்யூஏசி என்ற உள் தர உறுதிப் பிரிவின் அறைக்குப் போய்விடுவோம். கருத்தரங்கம் நடந்த நாளின் புகைப்படம், அதில் இடக்குறியும் நேரமும் தெரிய வேண்டும். வருகைப் பட்டியல், அழைப்பிதழ், சுற்றறிக்கை, முதல்வர் கையொப்பம், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அப்படி ஒரு நாள் மாலை முக்கூடல் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். இரண்டாவது செமஸ்டரிலேயே அட்டெண்டன்ஸ் குறைந்துகொண்டிருந்த பிள்ளை. ஏன்ம்மா வரல என்று கேட்டேன்.

“அம்மாவுக்குக் காய்ச்சல் சார். நான்தான் பீடிக் கடைக்குப் போயி கணக்கு முடிச்சிட்டு வந்தேன். அதுக்குள்ள பஸ்ஸு போயிட்டு.”

மாணவர் ஆலோசனைப் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு: மாணவரின் பிரச்சினை, எடுத்த நடவடிக்கை. முதல் கட்டத்தில் ‘போக்குவரத்து’ என்றும் இரண்டாவதில் ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்றும் எழுதினேன். அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றினோம். அவளோடு பேச எனக்கு ஐந்து நிமிடம்தான் கிடைத்தது. இது நடந்து பல வருடம் ஆகிறது. இன்னும் மனதை அறுக்கிறது.

வகுப்பறையை மணிக்கணக்கில் அளப்பது அமெரிக்காவில் ஓய்வூதியத்தில் தொடங்கியது. 1905-ல் உருக்காலை முதலாளி ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1 கோடி டாலர் கொடுத்தார். அந்தப் பணம் எந்தக் கல்லூரிக்குப் போகலாம் என்று தீர்மானிக்க, முதலில் எது கல்லூரி என்று வரையறுக்க வேண்டியிருந்தது. கல்லூரியில் சேர வருகிற மாணவர் பள்ளியில் ஒரு பாடத்தை ஆண்டுக்கு சுமார் 120 மணி நேரம் படித்திருந்தால் அது ஒரு ‘யூனிட்’ என்று கணக்கு வைத்தார்கள். ஓய்வூதியம் வேண்டும் கல்லூரிகள் இந்தக் கணக்கை ஏற்றாக வேண்டும். அறிவை அளக்க யாரும் இந்த அலகைக் கண்டுபிடிக்கவில்லை. பணம் பங்கிடுவதற்கு ஒரு படி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அதே கார்னகி அறக்கட்டளை 1910-ல் மாரிஸ் குக் என்ற பொறியாளரைக் கல்லூரிகளுக்கு அனுப்பியது. தொழிற்சாலைகளில் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் நிறுத்துகடிகாரம் வைத்துக் கணக்கிட்ட ஃபிரெடரிக் டெய்லரின் சீடர் அவர். ஹார்வர்டு, கொலம்பியா, பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டு நிறுவனங்களின் இயற்பியல் துறைகளைப் பார்த்துவிட்டு, ‘மாணவர்-மணி’ என்ற அலகில் கற்பித்தலின் செலவைக் கணக்கிட்டார். ஒரு மாணவர் ஒரு மணி நேரம் வகுப்பிலோ ஆய்வகத்திலோ இருந்தால் அது ஒரு மாணவர்-மணி. எந்தத் துறையில் மாணவர்-மணிக்கு எவ்வளவு செலவு என்று இனி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குக்கின் அறிக்கையில் ஒன்றை மட்டும் நம் ஊர் ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பேராசிரியர்கள் எழுத்தர் வேலையில் நேரத்தை வீணடிக்கிறார்கள், குறைந்த சம்பளத்துக்கு வேறு ஆளை வைத்து அதைச் செய்யலாம் என்று அவர் குறைப்பட்டிருந்தார். செயல்திறன் என்ற சிந்தனையின் முன்னோடி அப்படிச் சொன்னார். நூறாண்டு கழித்து அந்தச் சிந்தனையின் பேரப்பிள்ளைகள் பேராசிரியரையே எழுத்தராக்கிவிட்டன. இப்போதைய கிரெடிட் முறையிலும் ஒரு செமஸ்டர் முழுக்க வாரம் ஒரு மணி விரிவுரை என்றால் ஒரு கிரெடிட், செய்முறையானால் இரண்டு மணிக்கு ஒன்று. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் 2008 வாக்கிலேயே இதற்கு மாறின. குக்கின் மணிதான் வேறு பெயரில் நம் கால அட்டவணையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நமக்கு இன்னொரு மூதாதையும் உண்டு. 1862-ல் இங்கிலாந்தில், பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறினால்தான் பள்ளிக்கு மானியம் என்று விதி கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்திக் கேட்பார். தேறிய தலைக்கு இவ்வளவு பணம். சென்னை மாகாணத்துத் தொடக்கப்பள்ளிகளுக்கும் இந்த ‘ரிசல்ட்’ மானியம் வந்து சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காகவே பாடத்தை உருப்போட வைப்பது, தேற மாட்டான் எனத் தெரிந்த பிள்ளையைக் கைவிடுவது என்ற பழக்கங்கள் கூடவே வந்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தே அதைக் கைவிட்டது.

இந்தப் பின்னணியில் நெல்லைச் சீமையின் கல்லூரிகளைப் பார்க்க வேண்டும். தூய யோவான் கல்லூரி 1878-லும், பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1895-லும், தூய சவேரியார் கல்லூரி 1923-லும் தொடங்கியவை. பாளையங்கோட்டையை தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அந்தப் பெயர் வந்தபோது தரவரிசை எதுவும் கிடையாது. 1990-ல் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. அதுவரை நம் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. ஒரு சான்றிதழ் வாங்க மதுரைக்கு பஸ் ஏறியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் வந்து நான்கே ஆண்டில், 1994-ல் பெங்களூரில் நாக் தொடங்கியது.

நாக் என்னும் தேசிய தர மதிப்பீட்டுக் குழு ஏழு தலைப்புகளில் கல்லூரியை எடைபோட்டு வந்தது. பாடத்திட்டம், கற்பித்தல், ஆய்வு, கட்டமைப்பு, மாணவர் ஆதரவு, நிர்வாகம், நிறுவன விழுமியங்கள். எல்லாம் சேர்ந்து 4-க்கு இத்தனை என்று ஒரு எண், 3.51-ஐத் தொட்டால் ஏ பிளஸ் பிளஸ். முன்பெல்லாம் மூத்த பேராசிரியர்கள் மூன்று பேர் வந்து, வகுப்பில் உட்கார்ந்து, மாணவரோடு பேசி எழுதிய அறிக்கைக்குக் கனம் அதிகம். 2017-ல் முறை மாறியது. மதிப்பெண்ணில் ஏறத்தாழ 70 விழுக்காடு, நாம் இணையத்தில் ஏற்றும் எண்களிலிருந்து வந்தது. அந்த எண்களைச் சரிபார்த்தவர் கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு வெளி நிறுவனத்தார். சொந்த விருப்பு வெறுப்பு இல்லாமல் அளக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் மாற்றினார்கள். நடந்தது என்னவென்றால், ஆவணம் உள்ளது மட்டுமே நடந்தது என்றாகிவிட்டது. முக்கூடல் பிள்ளையோடு பேசியதற்கு ஆவணம் உண்டு, ஆனால் பேச வேண்டிய பேச்சுதான் நடக்கவில்லை.

இதைப் பற்றி 1970-களிலேயே இருவர் எச்சரித்தார்கள். பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கையைப் பற்றி எழுதியபோது, ஓர் எண்ணைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கினால் அதுவரை அது காட்டிய ஒழுங்கு குலைந்துபோகும் என்றார். அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்டு கேம்பலும் அதே பத்தாண்டில் இதையே சமூக அளவீடுகளுக்குச் சொன்னார். நான் பொருளியல் வகுப்பில் குட்ஹார்ட்டை நடத்தியிருக்கிறேன். நடத்திவிட்டு நேராக ஐக்யூஏசி அறைக்குப் போயிருக்கிறேன்.

நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களை வரிசைப்படுத்தும் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை இதைவிடத் தூரத்திலிருந்து பார்க்கும் கண். 2015-ல் அறிவித்து, 2016-ல் முதல் பட்டியல் வெளியிட்டார்கள். பல்கலைக்கழகங்களுக்குக் கற்பித்தல் வளங்களுக்கு 30, ஆய்வுக்கு 30, படித்து முடித்தவரின் நிலைக்கு 20, எல்லாத் தரப்பினரையும் சேர்த்துக்கொள்ளும் உள்ளடக்கத் தன்மைக்கு 10, மற்றவர்கள் அந்த நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு 10 என்று எடை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு தலைப்பையும் கையில் எடுத்துக்கொண்டு நம் ஊர்க் கல்லூரிக்குள் நடந்து பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

உள்ளடக்கத் தன்மை என்ற தலைப்பில் பிற மாநில மாணவர்களுக்கு 25, பிற நாட்டு மாணவர்களுக்கு 5 என்று 100-ல் 30 மதிப்பெண் ஒதுக்கியிருந்தார்கள். நாங்குநேரியிலிருந்தும் மானூரிலிருந்தும் களக்காட்டிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டி வந்து படிக்க வைக்கத்தான் நம் கல்லூரிகள் எழுந்தன. எந்தக் காரணத்துக்காக ஒரு கல்லூரி பிறந்ததோ, அதைச் சரியாகச் செய்தால் அந்த 30 மதிப்பெண்ணும் போய்விடும். பொருளாதார, சமூக நிலையில் பின்தங்கியவர்களுக்கும் 20 உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதுவும் எத்தனை மாணவர்களுக்குக் கட்டணம் முழுதாகத் திருப்பித் தரப்பட்டது என்று பார்த்துத்தான் வருகிறது. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளை என்பது ஒரு கட்டத்திலும் விழாது.

அடுத்தது, படித்து முடித்தவர்களின் நடுமட்டச் சம்பளம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அம்மாவின் மகள், பட்டம் முடித்து பி.எட். படித்து, சொந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் சேர்கிறாள். மாதச் சம்பளம் மிகச் சிறியது. சென்னையில் ஓர் அதிகாரியின் மகன் ஐ.டி. வேலைக்குப் போகிறான். இருவரின் கல்லூரிகளையும் சம்பளத்தை வைத்து அளந்தால், யார் எங்கிருந்து கிளம்பினார்கள் என்பது கணக்கில் வராது. கடைசியில் நின்ற இடம் மட்டும்தான் தெரியும். பீடிக் கடையில் கணக்கப்பிள்ளை, சுற்றிக் கொண்டுவந்த கட்டுகளைப் பிரித்துப் பார்த்துச் சரியில்லாததைக் கழித்துவிடுவார். இலை மோசமாக வந்தது யார் தப்பு என்று அவர் கேட்பதில்லை. முக்கூடல், மேலப்பாளையம், கடையம் பக்கத்துப் பெண்களுக்கு இந்த அநியாயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆய்வு என்ற தலைப்பு எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. என்ஐஆர்எஃப் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இரண்டு தரவுத்தளங்களிலிருந்து எடுக்கிறது. தமிழில் வரும் ஆய்விதழ்கள் அங்கே இல்லை என்றே சொல்லிவிடலாம். இதன் பொருள் என்ன என்பதற்குத் திருநெல்வேலியே பெரிய சான்று. நாங்குநேரியில் 1917-ல் பிறந்த நா. வானமாமலை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருக்கவில்லை. பாளையங்கோட்டையில் டுட்டோரியல் கல்லூரி நடத்திப் பிழைத்தார். 1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார், 1969-ல் ‘ஆராய்ச்சி’ என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். முத்துப்பட்டன், காத்தவராயன், கட்டபொம்மு கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். அவர் கூட்டிய வட்டத்திலிருந்து வந்தவர்கள் தமிழ்நாட்டின் நாட்டார் வழக்காற்று ஆய்வையே மாற்றினார்கள். 1980-ல் அவர் இறந்தபோது அவருக்கு எந்தத் தரவுத்தளத்திலும் ஒரு புள்ளியும் இருந்திருக்காது.

தொ. பரமசிவன் பல்கலைக்கழகத்துக்குள் இருந்தவர். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைத் தலைவராக 2008 வரை பணியாற்றினார். அழகர் கோயில் பற்றிய அவருடைய ஆய்வேடு, ஒரு கோயிலைச் சுற்றியிருக்கும் சாதிகளும் சடங்குகளும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியது. அவர் எழுதியதில் பெரும்பகுதி சின்னச் சின்னக் கட்டுரைகள். உப்பு, எண்ணெய், உணவு, வழிபாடு என்று நம் வீட்டுக்குள் கிடப்பதைப் பற்றியவை. பெட்டிக்கடைக்காரரும் படித்தார், ஆய்வாளரும் படித்தார். இன்றைய பதவி உயர்வுப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவருடைய வேலையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பகுதிக்கு இடம் கிடைக்கவில்லை.

இடம் இருந்தவற்றில் என்ன நடந்தது? பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2010-ல் ஏபிஐ என்ற புள்ளிக் கணக்கை ஆசிரியர்களுக்குக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு. கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் உள்ளூருக்குச் சில புள்ளிகள், மாநிலத்துக்கு அதைவிடக் கூட, பன்னாட்டுக்கு எல்லாவற்றிலும் கூட. உடனே எல்லாக் கருத்தரங்கமும் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆயிற்று. முனைவர் பட்ட ஆய்வேடு தருமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை போடும் இதழ்கள் முளைத்தன. 2018 மே மாதம் யுஜிசியே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டியதாயிற்று. 2022-ல் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்ற விதியைக் கைவிட்டது. இந்த ஆண்டுகளில் உதவித்தொகைப் பணத்தை எடுத்து இதழ்களுக்குக் கட்டிய ஆய்வு மாணவர்களை எனக்குத் தெரியும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்தப் பணம் யாருக்கும் திரும்பி வரவில்லை.

அளவீட்டுக்கு விலை கூடக்கூட, அதை வாங்கப் பார்ப்பவர்களும் வருவார்கள். 2025 பிப்ரவரியில், ஆந்திரத்துக் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு நல்ல தரம் வழங்க லஞ்சம் பெற்றதாக நாக் ஆய்வுக் குழுவினரை சிபிஐ கைது செய்தது. அதற்கு முன்பே 2024-ல், ஏ, பி என்ற தரங்களை விட்டுவிட்டு ‘அங்கீகாரம் உண்டு, இல்லை’ என்ற முறைக்கு மாறப்போவதாக நாக் அறிவித்திருந்தது.

அளக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உயர்கல்விக்கான அகில இந்தியக் கணக்கெடுப்பு இல்லையென்றால், 2021-22-ல் தமிழ்நாட்டில் கல்லூரி வயதினர் நூறு பேருக்கு 47 பேர் என்ற கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள், நாடு முழுக்க 28.4 என்று நமக்கு எப்படித் தெரியும்? நாக் குழு வருகிறது என்பதால்தான் பல கல்லூரிகளில் சாய்தளம் கட்டினார்கள், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வந்தது, பூட்டிக் கிடந்த நூலகம் மாலையிலும் திறந்திருந்தது. என் கண் முன்னால் நடந்தது. ஒரு மேலாளரின் மனம்போன போக்கில் நடந்த கல்லூரிகளுக்கு வெளியிலிருந்து ஒரு கண் வேண்டியிருந்தது. அந்தக் கண் எதைப் பார்க்கிறது என்பதுதான் என் வழக்கு.

செயல்திறன் என்று சொல்லி அது பார்க்காமல் விட்ட பெரிய விஷயம் ஆசிரியர். அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் காலியாகவே கிடக்க, கௌரவ விரிவுரையாளர்கள் வகுப்பெடுக்கிறார்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019-ல் சொன்னது. தமிழக அரசு 2023-ல் 25,000 ஆக்கியது, அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம். மாணவர்-மணிக்கு எவ்வளவு செலவு என்ற குக்கின் கணக்கில் இது மிகச் சிறந்த செயல்திறன். முனைவர் பட்டம் வாங்கி, நெட் தகுதித் தேர்வில் தேறி, நாற்பது வயதில் மே மாதச் சம்பளம் இல்லாமல் நிற்கும் ஒருவரிடம், இந்த மாணவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு என்று எந்த முகத்தோடு சொல்வது?

அப்படிப் பேச வேண்டிய தேவை நம் ஊரில் மற்ற இடங்களைவிட அதிகம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பள்ளி மாணவன் ஒருவனை வீடு புகுந்து சக மாணவர்கள் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பிள்ளைகள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்தப் பள்ளிகளிலிருந்துதான் நம் கல்லூரிகளுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் செமஸ்டரில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும். மூன்றாம் ஆண்டில் அந்த இருக்கைகள் கலைந்து, ஒருவன் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவன் போய்ச் சாப்பிட்டு வந்தால், அந்தக் கல்லூரி மூன்று ஆண்டில் பெரிய காரியம் செய்திருக்கிறது. அதற்கு இடக்குறி போட்ட புகைப்படம் கிடையாது.

வெளியே சில கதவுகள் திறக்கின்றன. கட்டுரை வந்த இதழ் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகிறது என்ற தாக்கக் காரணியை வைத்து ஓர் ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2013-ல் சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் வந்தது. ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் கையெழுத்திட்டன. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகம் 2023-ல் உலகத் தரவரிசை ஒன்றுக்குத் தரவு தர மறுத்தது. அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகமும் அதையே செய்தது. ஆனால் அவை பணமும் பெயரும் உள்ள இடங்கள். மானியமும் தன்னாட்சி அந்தஸ்தும் தரத்தோடு கட்டப்பட்டிருக்கும்போது, பேட்டையிலோ ஆழ்வார்குறிச்சியிலோ இருக்கும் ஒரு கல்லூரி தனியாக ‘நான் வரவில்லை’ என்று சொல்ல முடியாது. இங்கே மாற்றம் மாநில அளவில்தான் வர வேண்டும். முதல் தலைமுறை மாணவர் சேர்ந்தபோது எந்த நிலையில் இருந்தார், முடித்தபோது எங்கே நின்றார் என்ற தூரத்தை அளக்கலாம். தமிழ் ஆய்விதழ்களைத் தமிழறிஞர்களே படித்துத் தரம் பிரித்து, அந்தப் பட்டியலைப் பதவி உயர்வுக்குச் செல்லுபடியாக்கலாம். ஆவணம் சேர்க்க ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுத்தர் பணியிடம் தரலாம். குக் 1910-ல் கேட்டது அது.

ஒவ்வொரு ஜனவரியிலும் நம் மாவட்டத்துக் குளங்களில் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு, 2011 முதல். மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் ஒருங்கிணைக்க, கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் விடியற்காலையில் இருநோக்கியோடு கரையில் நிற்பார்கள். என் மாணவர்கள் சிலரோடு நானும் ஒருமுறை போனேன். நயினார்குளக் கரையில் நின்று ஒரு பையன் எண்ணிக்கொண்டே வந்து, பாதியில் கூட்டம் எழும்பிப் பறந்ததும் “சார், விட்டுட்டு. மறுபடி எண்ணட்டுமா?” என்று கேட்டான். எண்ணினான். அவன் எழுதிய எண் கூடினாலும் குறைந்தாலும் அவனுக்கு மதிப்பெண் இல்லை, குளத்துக்கும் தரவரிசை இல்லை. போன வருடத்தைவிடக் குறைந்திருந்தால் தண்ணீருக்கு என்ன ஆயிற்று, சாக்கடை எங்கே கலக்கிறது என்று அவர்கள் கரையைச் சுற்றி நடக்கத் தொடங்குவார்கள்.